வீட்டுக்கும் குளத்துக்கும் நடுவே ஒரு வேலி

வீட்டு நீச்சல் குளத்தில் மூழ்கும் சிறு குழந்தைகளில் பெரும்பாலோர் நீந்தப் போனவர்கள் இல்லை. அந்த நேரத்தில் அவர்கள் குளத்தின் பக்கம் போவார்கள் என்றே வீட்டில் யாரும் நினைத்திருக்கவில்லை. 1980களில் அமெரிக்காவின் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் அரிசோனா, கலிஃபோர்னியா, ஃபுளோரிடா ஆகிய மூன்று மாநிலங்களில் நடந்த இத்தகைய விபத்துகளைத் துருவி ஆராய்ந்தது. 69 விழுக்காடு சம்பவங்களில், குழந்தை குளத்தருகே இருக்கும் என்ற எதிர்பார்ப்பே வீட்டாருக்கு இல்லை. 46 விழுக்காட்டுக் குழந்தைகளைக் கடைசியாகப் பார்த்த இடம் வீட்டின் உட்புறம். 77 விழுக்காட்டினர் கண்ணில் படாமல் இருந்த நேரம் ஐந்து நிமிடம் அல்லது அதற்கும் குறைவு. பெரும்பாலான குழந்தைகள் அப்போது தாயின் அல்லது தந்தையின் பொறுப்பில்தான் இருந்தார்கள். மூழ்கியது பெரும்பாலும் சொந்த வீட்டுக் குளத்தில். அதற்கடுத்து உறவினர், நண்பர் வீட்டுக் குளத்தில். அடுத்தவர் வளாகத்துக்குள் தெரியாமல் நுழைந்து மூழ்கியவர்கள் 2 விழுக்காட்டைக்கூட எட்டவில்லை.

இந்தக் கடைசி எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு உலகின் நீச்சல் குள வேலிச் சட்டங்களைப் படித்துப் பார்க்க வேண்டும். தெருவிலிருந்து வரும் அந்நியக் குழந்தையை மனதில் வைத்து எழுதிய சட்டம் எது, சமையலறையிலிருந்து தத்தி நடந்து வரும் சொந்தக் குழந்தையை மனதில் வைத்து எழுதிய சட்டம் எது என்பது உடனே பிடிபடும். குழந்தைகளைக் காப்பாற்றியது இரண்டாவது வகைதான்.

இரண்டு வயதுக் குழந்தை தண்ணீரில் விழுந்தால் கத்துவதில்லை. கையைக் காலை அடித்து ஆர்ப்பாட்டம் செய்வதும் அரிது. அந்த வயதில் உடம்போடு ஒப்பிட்டால் தலை கனம். குனிந்து தண்ணீரைத் தொடப் போனால் தலைகுப்புற விழும். நிமிர்ந்து எழத் தெரியாது. மூளைக்குப் பிராணவாயு நின்ற சில நிமிடங்களிலேயே சேதம் தொடங்கிவிடுகிறது. பிழைத்து வரும் குழந்தைகளிலும் சிலர் வாழ்நாள் முழுவதும் மூளைப் பாதிப்போடு வாழ வேண்டியிருக்கிறது. அமெரிக்காவில் ஒன்று முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தைகளின் மரணத்துக்கு முதன்மைக் காரணம் மூழ்குவதுதான். போன் மணி அடித்து எடுக்கப் போகும் நேரம், அடுப்பில் பால் பொங்கி இறக்கப் போகும் நேரம், இவ்வளவு போதும்.

நம் ஊர்க் கிணற்றைச் சுற்றி இருக்கும் கைப்பிடிச் சுவரை நினைத்துக்கொள்ளுங்கள். அது வட்டமாகக் கிணற்றைச் சுற்றி நிற்கிறது. தெருப் பக்கம் மட்டும் சுவர் எழுப்பிவிட்டு வீட்டுப் பக்கத்தை யாரும் திறந்து விடுவதில்லை. நீச்சல் குளத்துக்கும் இதே முறைதான் சரி என்பதை நிலைநாட்ட மருத்துவர்களும் உள்ளாட்சிகளும் சட்டமன்றங்களும் பல பத்தாண்டுகள் வாதிட வேண்டியிருந்தது.

அந்த வாதம் மிக நீளமாக நடந்த இடம் ஆஸ்திரேலியா. வெயில் கொளுத்தும் நாடு, அகலமான பின்கட்டு உள்ள வீடுகள், வசதி கூடிய நடுத்தர வர்க்கம் எல்லாம் சேர்ந்து 1960களிலிருந்து வீட்டுக்கு வீடு குளம் தோண்டும் பழக்கத்தைக் கொண்டுவந்தன. குளங்கள் பெருகியதோடு சிறு குழந்தைகளின் மரணங்களும் பெருகின. குவீன்ஸ்லாந்து மாநிலத்தில் கெய்ன்ஸ் நகரை ஒட்டிய மல்கிரேவ் என்ற உள்ளாட்சிப் பகுதி, மாநிலச் சட்டம் வருவதற்கு வெகு முன்பே தன் எல்லைக்குள் வேலியைக் கட்டாயமாக்கியது. தலைநகர் பிரிஸ்பேனில் அப்போது அப்படி ஒரு விதி இல்லை. பிரிஸ்பேனின் குழந்தை மருத்துவர் ஜான் பெர்னும் சக ஆய்வாளர்களும் மல்கிரேவின் பத்தாண்டு அனுபவத்தைப் பிரிஸ்பேனோடு ஒப்பிட்டு 1980இல் ஆஸ்திரேலிய மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். வேலியிட்ட குளங்கள் உயிர்களைக் காக்குமா என்ற கேள்வியே அந்தக் கட்டுரையின் தலைப்பு. ஒரு சின்ன உள்ளாட்சி தன் அதிகாரத்துக்குள் துணிந்து செய்த காரியம் பிறகு ஒரு நாட்டுக்கே சான்றாக அமைந்தது. உள்ளூர் விதிகளைச் சில்லறைச் சமாசாரம் என்று நினைப்பவர்கள் மல்கிரேவை நினைவில் வைக்க வேண்டும்.

1991இல் பிட், பலாண்டா என்ற இருவர் பிரிஸ்பேன் குழந்தைகளைப் பற்றி மற்றொரு ஆய்வை வெளியிட்டனர். வேலியில்லாத குளத்தில் குழந்தை மூழ்கும் ஆபத்து வேலியிட்ட குளத்தைப் போல 3.76 மடங்கு என்பது அதன் முடிவு. இதுபோன்ற ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த காக்ரேன் மதிப்பாய்வு இன்னும் கூர்மையான ஒன்றைக் கண்டது. குளத்துக்கு வேலி இருந்தால், வேலியே இல்லாததோடு ஒப்பிடும்போது மூழ்கும் வாய்ப்பு ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகக் குறைகிறது. குளத்தை மட்டும் தனியாகச் சுற்றி நாற்புறமும் வேலி இருந்தாலோ, வீட்டுச் சுவரை ஒரு பக்கமாகக் கொண்ட முப்புற வேலியோடு ஒப்பிடும்போது அது ஆறில் ஒரு பங்கு அளவுக்குக் குறைகிறது. இந்த மதிப்பாய்வு நம்பியிருப்பது சில ஒப்பீட்டு ஆய்வுகளை மட்டுமே. குலுக்கல் முறைச் சோதனை எதுவும் அதில் இல்லை. இருக்கவும் முடியாது. பாதி வீடுகளை வேலியில்லாமல் விட்டுவிட்டு எத்தனை குழந்தைகள் மூழ்குகின்றன என்று எண்ணிப் பார்க்க எந்த மருத்துவருக்கு மனம் வரும்? கிடைக்கும் சான்றுகள் எல்லாம் ஒரே திசையைக் காட்டும்போது அவற்றை ஏற்பதுதான் முறை.

சரி, வேலி என்றால் என்ன? பூந்தோட்ட வேலியும் வேலிதான். ஆஸ்திரேலியத் தர விதி இதை மில்லிமீட்டர் கணக்கில் பேசுகிறது. முதல் வாசிப்பில் அதிகாரிகளின் பிடிவாதம் போலத் தோன்றும். ஒவ்வொரு எண்ணுக்கும் பின்னால் ஒரு குழந்தையின் உடல் அளவு இருப்பது பொறுமையாகப் படித்தால் தெரியும். வேலியின் உயரம், வெளிப்புறத் தரையிலிருந்து அளந்தால், குறைந்தது 1,200 மி.மீ. ஐந்து வயதுக்குட்பட்ட பெரும்பாலான குழந்தைகளால் எளிதில் தாண்ட முடியாத உயரம் இது. கம்பிகளுக்கு இடையிலும் வேலிக்கு அடியிலும் இடைவெளி 100 மி.மீட்டரை மிஞ்சக் கூடாது. அதற்கு மேல் போனால் உடலும் தலையும் நுழையும். குறுக்குச் சட்டங்கள் இருந்தால் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே 900 மி.மீ. தள்ளி இருக்க வேண்டும். நெருக்கமாக இருந்தால் அவை ஏணிப்படி ஆகிவிடும். அதே 900 மி.மீ. தூரத்துக்கு வேலியின் வெளிப்புறத்தில் ஏறுவதற்கு உதவும் எதுவும் இருக்கக் கூடாது. பூந்தொட்டி, மரக்கிளை, தண்ணீர்க் குழாய், ஏசியின் வெளிப்பெட்டி, பார்பிக்யூ அடுப்பு எதுவுமே. பரிசோதகர்கள் வந்தால் பெரும்பாலும் மாட்டிக்கொள்வது இந்தப் பூந்தொட்டிதான். வேலியைக் கட்டியவர் ஒழுங்காகக் கட்டியிருப்பார்; பிறகு யாரோ ஒருவர் செவ்வரளித் தொட்டியைக் கொண்டுவந்து அதன் ஓரத்தில் வைத்திருப்பார்.

வேலியைவிட முக்கியம் கேட். அது குளத்தைவிட்டு வெளிப்பக்கமாகத்தான் திறக்க வேண்டும். அப்போதுதான் தாழ்ப்பாள் விழாமல் நின்றாலும் குழந்தை தள்ளும்போது திறக்காது, மூடவே செய்யும். எந்த நிலையில் விட்டாலும், தாழ்ப்பாளின் மேல் லேசாகச் சாய்ந்திருக்கும் நிலையிலிருந்தும்கூட, கேட் தானே மூடித் தானே தாழிட்டுக்கொள்ள வேண்டும். தாழ்ப்பாளைத் திறக்கும் பிடி தரையிலிருந்து 1,500 மி.மீ. உயரத்தில் இருக்க வேண்டும்; அதைவிடத் தாழ்வாக இருந்தால் உட்பக்கமாக, கை எட்டாதபடி மறைப்போடு இருக்க வேண்டும்.

பொதுச் சுகாதாரவியல் இதைத் தன்னியக்கப் பாதுகாப்பு என்கிறது. பெரியவர்கள் ஒவ்வொரு முறையும் நினைவு வைத்துச் செய்ய வேண்டிய பாதுகாப்பு, மறதி வரும் நாளில் தோற்றுவிடும். தானாக மூடும் கேட்டுக்கு யாருடைய நினைவும் தேவையில்லை. வேலி குழந்தையை முற்றாகத் தடுத்துவிடும் என்று விதியை எழுதியவர்கள் சொல்லவில்லை. அது தரக்கூடியது தாமதம். அந்த ஐந்து நிமிடத்தைப் பத்து நிமிடமாக நீட்டினால், குழந்தையைக் காணோமே என்று தேடத் தொடங்குபவர்கள் அதை வேலிக்கு வெளியிலேயே கண்டுபிடிப்பார்கள்.

இவ்வளவு தெளிவான விஷயம் சட்டமாவதற்குள் எத்தனை சமரசங்கள் செய்ய வேண்டியிருந்தது என்பதற்கு நியூ சவுத் வேல்ஸ் நல்ல எடுத்துக்காட்டு. 1990 ஆகஸ்ட் 1க்குப் பிறகு கட்டப்படும் குளங்களுக்கு நாற்புற வேலி கட்டாயம் என்பதே அங்கே அடிப்படை விதி. அதற்கு முன் கட்டியவை, வீட்டிலிருந்து குளத்துக்குப் போகும் கதவும் ஜன்னலும் குழந்தை திறக்க முடியாதபடி இருந்தால் போதும் என்ற சலுகையோடு தப்பின. புதிய குளங்களிலும் மிகச் சிறிய மனைகள், 2 ஹெக்டேரோ அதற்கு மேலோ உள்ள பெரிய மனைகள், நீர்முகப்பு மனைகள் ஆகியவற்றுக்கு விலக்கு இருந்தது. இந்த விலக்குகள் 2010 ஜூலை 1க்குப் பிறகு கட்டிய குளங்களுக்குத்தான் நீங்கின. விளைவு, ஒரே தெருவில் அடுத்தடுத்து நிற்கும் மூன்று வீட்டுக் குளங்கள் மூன்று வெவ்வேறு விதிகளுக்குக் கட்டுப்பட்டிருக்கலாம். பரிசோதகர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி குளம் எந்த ஆண்டு கட்டியது என்பது. குழந்தைக்கு அந்த ஆண்டு தெரியாது. 1985இல் தோண்டிய குளமும் 2015இல் தோண்டிய குளமும் ஒரே ஆழம்தான்.

குவீன்ஸ்லாந்து இந்தச் சிக்கலை வேறு விதமாக அவிழ்த்தது. 1991 பிப்ரவரியில் மாநில அளவில் வேலி கட்டாயமானது. அடுத்த இருபது ஆண்டுகளில் மாநில விதி, உள்ளாட்சி விதி, குளம் கட்டிய காலம் என்று அடுக்கடுக்காகச் சேர்ந்து 11 வெவ்வேறு தரங்கள் நடைமுறையில் இருந்தன. 2010 டிசம்பர் 1 முதல் அவை அனைத்தையும் நீக்கி ஒரே தரம் கொண்டுவந்தார்கள். பழைய குளங்களுக்கு 2015 நவம்பர் 30 வரை அவகாசம் தந்தார்கள். அதற்குள் விற்றாலோ வாடகைக்கு விட்டாலோ முன்னதாகவே இணங்க வேண்டும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை மூழ்கி மருத்துவமனைக்கு வந்தால் அதை அரசுக்குத் தெரிவிப்பதும், அதன் பேரில் அந்தக் குளத்தைப் பரிசோதிப்பதும் அந்தச் சீர்திருத்தத்தின் பகுதி. உயிர் தப்பிய சம்பவத்தையும் எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளும் இந்த ஏற்பாடு மற்ற நாடுகளும் பின்பற்றத் தகுந்தது. பழைய குளத்துக்காரரின் செலவையும் மனத்தாங்கலையும் பொருட்படுத்தி, அவகாசம் கொடுத்து, கடைசியில் எல்லோரையும் ஒரே விதிக்குள் கொண்டுவந்ததால் குவீன்ஸ்லாந்தின் வழியே நேர்மையான வழி என்று கருதுகிறேன்.

இதற்கு நேர்மாறான மரபு ஒன்றும் உண்டு. பல பாதுகாப்பு ஏற்பாடுகளைப் பட்டியலாகக் கொடுத்து வீட்டுக்காரரைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது. பிரான்ஸின் 2003 ஜனவரி 3ஆம் தேதிச் சட்டம் தரையில் பதித்த தனியார் குளங்களுக்கு வேலி, அலாரம், மூடி, கூடாரம் என்ற நான்கில் ஒன்றைக் கட்டாயமாக்கியது. புதிய குளங்களுக்கு 2004 முதல், பழையவற்றுக்கு 2006 முதல். மீறினால் 45,000 யூரோ வரை அபராதம். அபராதம் கடுமைதான். ஆனால் வேலிக்கும் அலாரத்துக்கும் சட்டத்தின் கண்ணில் ஒரே மதிப்பு. நீரில் விழுந்ததை உணரும் வகை அலாரம், குழந்தை விழுந்த பிறகுதான் அலறும். அதைக் கேட்க ஆள் வேண்டும், கேட்டவர் ஓட வேண்டும். மூடியோ, குளித்து முடித்து ஈரத்தோடு எழும் ஒவ்வொரு முறையும் யாராவது இழுத்து மூடினால்தான் மூடி.

அமெரிக்காவில் வீட்டுக் குளத்துக்கு வேலி போடச் சொல்லும் தேசியச் சட்டமே கிடையாது. மாநிலமும் கவுண்டியும் நகரமும் தத்தம் விதிகளை எழுதுகின்றன. அரிசோனாவின் மாநிலச் சட்டம் ஐந்து அடித் தடுப்பைக் கேட்கிறது. ஆனால் வீட்டில் வசிப்பவர்கள் அனைவரும் ஆறு வயதும் அதற்கு மேலும் என்றால் விலக்கு. விருந்துக்கு வரும் பேரக் குழந்தையை இந்த விலக்கு மறந்துவிட்டது. உறவினர், நண்பர் வீட்டுக் குளங்களில் மூழ்கியவர்கள் அந்த மூன்று மாநில ஆய்வில் மூன்றில் ஒரு பங்கு என்பதை வைத்துப் பார்த்தால், இது சின்ன ஓட்டை இல்லை. ஃபுளோரிடா 2000இல் இயற்றிய சட்டம் பட்டியலில் ஒன்று போதும் என்றது. கலிஃபோர்னியாவும் அப்படித்தான் தொடங்கியது. 2018 ஜனவரி முதல் புதிய குளத்துக்கும் புதுப்பிக்கும் குளத்துக்கும் ஏழு ஏற்பாடுகளில் இரண்டு வேண்டும் என்று இறுக்கியது. இரண்டு தடுப்புகள் ஒன்றைவிட மேல் என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த இரண்டிலும் நாற்புற வேலி இல்லாமல் போகலாம்.

தேசிய அரசு தலையிட்ட ஒரே பெரிய சட்டம் 2007இல் வந்தது. முன்னாள் வெளியுறவு அமைச்சர் ஜேம்ஸ் பேக்கரின் ஏழு வயதுப் பேத்தி 2002இல் வெந்நீர்த் தொட்டியின் உறிஞ்சு துளையில் சிக்கி இறந்தாள். நன்றாக நீந்தத் தெரிந்த குழந்தை. அவள் பெயரிலேயே அமைந்த அந்தச் சட்டம் வடிகால் மூடிகளின் வடிவத்தை மாற்றியது. வேலி அவளைக் காப்பாற்றியிருக்காது. குளத்தின் ஆபத்து கரையோடு முடிவதில்லை என்பதை நாடு அப்போது உணர்ந்தது. அதே சட்டம் வீட்டுக் குளங்களுக்குத் தடுப்பு விதிகள் இயற்றும் மாநிலங்களுக்கு மானியம் தரவும் வழி செய்தது. உத்தரவிடாமல் பணத்தைக் காட்டி இணங்க வைக்கும் முயற்சி அது.

வேலிக்கு எதிரான வாதங்களில் இரண்டுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். முதலாவது, பெற்றோர் கவனமாக இருந்தால் வேலி எதற்கு என்பது. கவனமாக இருந்த பெற்றோரின் குழந்தைகளும் மூழ்கியிருக்கிறார்கள் என்பதுதான் பதில். இதை அந்தப் பெற்றோர்மீது பழியாகச் சொல்வது கொடுமை. மனிதக் கவனம் இடைவிடாமல் நிற்கக் கூடியது இல்லை. சட்டம் அதை ஏற்றுக்கொண்டு எழுதப்பட வேண்டும். இரண்டாவது, குழந்தைக்கு நீச்சல் கற்றுக்கொடுத்தால் போதாதா என்பது. 2009இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, முறையான நீச்சல் பயிற்சி ஒன்று முதல் நான்கு வயதுக் குழந்தைகள் மூழ்கும் வாய்ப்பைக் குறைக்கிறது என்று கண்டது. ஆனால் அதன் கணிப்பில் நிச்சயமின்மையின் வீச்சு மிக அகலம். பயிற்சி நல்லதுதான். சட்டை, செருப்போடு குளிர்ந்த நீரில் திடீரென விழும் இரண்டு வயதுக் குழந்தை வகுப்பில் கற்றதைச் செய்யும் என்று நம்பி கேட்டைத் திறந்து வைக்க முடியாது. அழகு கெடுகிறது, காட்சி மறைகிறது என்ற புகாருக்குக் கண்ணாடி வேலி எப்போதோ பதில் சொல்லிவிட்டது.

எனக்கு மிகுந்த கவலை தருவது வேறொன்று. கேட்டின் கீல் துருப்பிடிக்கிறது. சுருள் தளர்கிறது. மண் இறங்கி வேலிக்கு அடியில் இடைவெளி கூடுகிறது. பக்கத்து வீட்டு மரம் கிளை பரப்புகிறது. துணி உலர்த்தப் போகும்போது தொல்லையாக இருக்கிறதென்று யாரோ ஒரு செங்கல்லை வைத்து கேட்டைத் திறந்து நிறுத்துகிறார்கள். குழந்தை மரணங்களை ஆராயும் நியூ சவுத் வேல்ஸ் அரசுக் குழு திரும்பத் திரும்பச் சொல்லி வருவது இதையே: மூழ்கிய பல சம்பவங்களில் வேலி இருந்தது, ஆனால் பழுதாக இருந்தது, அல்லது கேட் மூடவில்லை. வேலி போட்ட நாளில் சட்டத்தின் வேலை பாதிதான் முடிகிறது.

மறு பாதிக்கு ஒவ்வொரு இடமும் ஒவ்வொரு வழி கண்டிருக்கிறது. மேற்கு ஆஸ்திரேலியாவில் உள்ளாட்சி ஒவ்வொரு குளத்தையும் குறைந்தது நான்கு ஆண்டுக்கு ஒருமுறை போய்ப் பார்த்தாக வேண்டும். நியூசிலாந்தில் 2017 முதல் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை. விக்டோரியா 2019 டிசம்பரில் குளங்களைக் கட்டாயமாகப் பதிவுசெய்யச் சொல்லி, அதன் பின் காலமுறைச் சான்றிதழைக் கேட்டது. 3 லட்சத்துக்கும் மேற்பட்ட குளங்கள் உள்ள நியூ சவுத் வேல்ஸில் 2013இல் பதிவு கட்டாயமானது. 2016 ஏப்ரல் 29 முதல் குளமுள்ள வீட்டை வாடகைக்கு விடவோ விற்கவோ சான்றிதழ் வேண்டும். விற்கும்போது குறைபாட்டுச் சான்றிதழை இணைத்தாலும் சரிதான். வாங்கியவர் 90 நாளுக்குள் சரிசெய்ய வேண்டும். விற்காமலும் வாடகைக்கு விடாமலும் முப்பது ஆண்டு ஒரே வீட்டில் குடியிருப்பவரின் கேட்டை யார் பார்ப்பது? சுற்றுலா விடுதிகளையும் அடுக்கு வீடுகளையும் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை பார்க்கச் சட்டம் சொல்கிறது. தனி வீட்டுக்கு அப்படி ஒரு கால எல்லை வைக்கவில்லை. மேற்கு ஆஸ்திரேலியாவின் நான்காண்டு முறையை நியூ சவுத் வேல்ஸிலும் கொண்டுவருவதற்கு இதைவிட வேறு காரணம் தேவையில்லை.

சிட்னி, மெல்போர்ன் புறநகர்களில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களுக்கு இது அக்கம்பக்கத்தார் விவகாரம் இல்லை. வாடகை ஒப்பந்தத்தோடு வரும் குளச் சான்றிதழை மற்ற காகிதங்களோடு சேர்த்துக் கோப்பில் போட்டுவிடக் கூடாது. வேலி சட்டப்படி இருப்பது வீட்டுக்காரர் பொறுப்பு. கேட் மூடியிருப்பது குடியிருப்பவர் பொறுப்பு. சென்னையிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ பேரப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வரும் தாத்தா, பாட்டியிடம் கேட்டை ஏன் எதற்காகவும் திறந்து நிறுத்தக் கூடாது, வேலியோரத்தில் ஏன் நாற்காலி போடக் கூடாது என்று வந்த முதல் நாளே சொல்லிவிட வேண்டும். பகலில் வீட்டில் குழந்தையோடு இருக்கப் போவது அவர்கள்தான்.

கடைசியாக, சட்டம் இன்னும் சரியாக எட்டாத ஒரு குளம். காற்றடித்து நிரப்பும் பிளாஸ்டிக் குளங்கள் கோடை வந்தால் கடை வாசலில் குவிகின்றன. குவீன்ஸ்லாந்திலும் நியூ சவுத் வேல்ஸிலும் 300 மி.மீ. ஆழத்துக்கு மேல் தண்ணீர் நிற்கக் கூடிய இத்தகைய எதுவும் குளம்தான். அதற்கும் வேலி வேண்டும். இதை அறிந்து வாங்குபவர்கள் குறைவு. 2013இல் வெளியான தேசிய விதி இத்தகைய குளங்களில் எச்சரிக்கை வாசகம் அச்சிடுவதைக் கட்டாயமாக்கியது. அச்சிட்ட வாசகம் மட்டும் எத்தனை நாள் காக்கும்? 300 மி.மீட்டரைத் தாண்டும் குளத்தை விற்கும் கடை, வாங்குபவர் முகவரியை உள்ளூர் கவுன்சிலுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று சட்டம் சொல்லலாம். வேலியில்லாத வீடுகளுக்கு அதற்கும் குறைந்த ஆழமுள்ளதை மட்டும் விற்கச் சொல்லலாம். அதுவரை வாங்கியவர் செய்யக் கூடியது ஒன்று உண்டு: விளையாடி முடித்ததும் தண்ணீரைக் கொட்டிவிட்டு, மழைநீர் தேங்காதபடி குளத்தைக் கவிழ்த்து வைப்பது.